உபதேசியார் ஓடிப்போன தெரு

செலியமேட்டைத் தாண்டித் தெற்கே நடந்தால், அந்தக் காலத்தில் நெல் வயல்களுக்கு நடுவே ஒரு கிறிஸ்தவத் தெரு இருந்தது. இரண்டு சாரியாகக் கூரை வீடுகள். கோடியில் மண்சுவர் எழுப்பி ஓலை வேய்ந்த சின்னக் கோவில். பிரெஞ்சுக்காரச் சாமியார் மாதத்துக்கு ஒரு தரம் மாட்டுவண்டியில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் அந்தத் தெருவுக்குச் சந்தியாகு உபதேசியார்தான் எல்லாம்.

அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. பொழுது சாய்ந்ததும் மணியடித்துச் சனங்களைக் கூட்டிச் செபம் சொல்லுவார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்றுக்கொடுப்பார். யாராவது சாகக் கிடந்தால் தலைமாட்டில் உட்கார்ந்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தை அவர்கள் கையில் பிடிக்கக் கொடுத்து, மூச்சு அடங்கும்வரை மந்திரம் சொல்லிக்கொண்டே இருப்பார். கனத்த, நிதானமான குரல் அவருக்கு. "உபதேசியாரு பக்கத்துல இருந்தா சாவுறதுக்குப் பயமில்ல" என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அது காதில் விழும்போது அவருக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமைதான்.

பிறகு வாந்திபேதி வந்தது.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி வாய்க்காலில் புதுத்தண்ணீர் ஓடிய சமயம். முதலில் தெருக்கோடியில் ஒரு கிழவர் போனார். அடுத்து அவர் மகன். அதற்குப் பிறகு ஓலம் எந்த வீட்டில் என்று சனங்கள் கேட்பதைக்கூட விட்டுவிட்டார்கள். பிரெஞ்சு சர்க்காரின் கொம்யூன் ஆபீசிலிருந்து ஒருவன் வந்து கிணற்றில் மருந்தைக் கொட்டிவிட்டு ஓடினான். சாமியார் புதுச்சேரியில் காய்ச்சலோடு படுத்திருப்பதாகச் செய்தி வந்தது. சந்தியாகு வீடு வீடாகப் போனார். மந்திரம் சொன்னார், கண்ணை மூடிவிட்டார், குழி வெட்டவும் கை கொடுத்தார். திரும்பி வந்தால் தன் வீட்டுக்குள் நுழையாமல் மாட்டுக்கொட்டகையில் படுத்துக்கொள்வார். உள்ளே அவர் மனைவி மதலேன் நிறைமாதமாக இருந்தாள். அவளுக்கு முன்பு பிறந்த இரண்டு பிள்ளைகளும் கோவிலுக்குப் பின்னால் மண்ணுக்குள் கிடந்தன.

ஒரு நாள் விடிந்து வரும்போது சூசை ஓடிவந்தான். சந்தியாகுவோடு ஒன்றாக மாடு மேய்த்து வளர்ந்தவன்.

"எம் பொண்டாட்டிக்கும் ஆரம்பிச்சிடுச்சி சந்தியாகு. கண்ணெல்லாம் உள்ள பூட்டுது. ஒன்னத்தான் கூப்புடுறா. சீக்கிரம் வாடா."

"நீ முன்னால போ. இதோ பின்னாலயே வரேன்."

வருவதாகத்தான் சொன்னார். சுரூபத்தை எடுக்க வீட்டுக்குள் போனார். மதலேன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரவெல்லாம் அவள் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே பிள்ளை உதைத்தது.

"இத்தயும் குழியில வெக்கணுமாங்க?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். சந்தியாகு சுரூபத்துக்குக் கை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார். அதை மாடத்திலேயே விட்டார். இரண்டு புடவையையும் ஒரு வேட்டியையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, மதலேனைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் பின்பக்கம் வரப்பில் இறங்கினார். பாதி வயல் கடந்தபோது, தெருவிலிருந்து யாரோ "உபதேசியாரே" என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நோய் அடங்கியதும் திரும்பிவிடலாம் என்று வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனார். வில்லியனூரையும் தாண்டி, எங்கே தங்குவது என்று தெரியாமல், கடைசியில் மண்ணாடிப்பட்டுப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் போய் நின்றார்கள். பண்ணைக்காரர் நாகராஜன் நல்ல மனிதர். வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பார்த்ததும் தோட்டத்துக் குடிசையைத் திறந்துவிட்டார்.

"உன் பேரு இன்னாப்பா?" என்று கேட்டார்.

ஓடிப்போன உபதேசியாரின் பேர் இந்த ஊர்வரை வந்திருக்குமோ என்ற பயம். "சாமிநாதன்" என்று அவர் வாய் சொல்லிவிட்டது.

குழந்தை சுகமாகப் பிறந்தது. பெண். பண்ணைக்காரரின் தாயார் கனகாம்பாள் வந்து பார்த்து, ஆதிலட்சுமி என்று பேர் வைத்துவிட்டுப் போனாள். நோய் அடங்கியிருக்கும், கிளம்பலாம் என்று நினைத்திருந்த சமயத்தில், பாகூர்ப் பக்கத்து மாட்டு வியாபாரி ஒருவன் தோட்டத்துக்கு வந்தான். வேடிக்கைக் கதைபோல அவன் சொன்னான்.

"அந்தக் கோவில் தெருவுல பாதி சனம் பூட்டாங்க. அவுங்க உபதேசியாரு பொண்டாட்டிய இட்டுக்கினு ஓடிட்டானாம். ஒரு பொம்பள அவன் பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்ட்டுக்கினே செத்தாளாம்."

அந்தப் பெண் யார் என்று சந்தியாகு கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. அதன்பின் திரும்பிப் போகும் பேச்சை அவரும் எடுக்கவில்லை, மதலேனும் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து தண்டனைக்காகக் காத்திருந்தார். சர்வேசுரன் விடமாட்டார், எந்தப் பக்கத்திலிருந்து வருமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கரும்பில் தீப்பிடித்த வருஷம், தண்டனை இதுதான் என்று நினைத்தார். காற்று திரும்பி, தீ குடிசைக்கு எட்டாமல் அணைந்தது. ஆற்றில் வெள்ளம் வந்த வருஷமும் அப்படியே நினைத்தார். தண்ணீர் வாசல்வரை வந்து வடிந்தது. ஆதிலட்சுமிக்கு அம்மை கண்டபோது, இதுதான், இவளுக்காகத்தானே ஓடிவந்தேன், இவளைத்தான் கேட்பார் என்று நிச்சயமாக நம்பினார். வேப்பிலைப் படுக்கையின் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ பேருக்குச் சொன்ன மந்திரம் தன் பிள்ளைக்கு வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? ஒரு காலையில் குழந்தை கண்ணைத் திறந்து, "பசிக்குதுப்பா" என்றது.

சந்தியாகு வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். மதலேன் சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தாள். அவர் அழுதது அதற்கு மட்டுமல்ல. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல உயிர் துடித்தது. யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர் பேரைச் சொல்லும் உரிமையைத் தாமே தொலைத்துவிட்டோம் என்று அழுதார்.

அந்த ஊரில் கோவில் மணி கேட்காது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் உடம்புக்குத் தெரிந்துவிடும். கையில் எடுத்த வேலை ஓடாது. கரும்புச் சோலைக்குள் போய் நின்றுகொண்டு, இந்நேரம் அங்கே பூசை தொடங்கியிருக்கும், இந்நேரம் சனங்கள் முழந்தாள் போட்டிருப்பார்கள் என்று ஒவ்வொன்றாய் நினைப்பார். தாகமெடுத்து, எதிரே தண்ணீர் தெரிந்தும் குடிக்க முடியாதவனின் தவிப்பு அது.

வருஷாவருஷம் ஈஸ்டர் முடிந்து வில்லியனூர் மாதா கோவிலில் திருவிழா நடக்கும். வெல்ல வண்டியை மண்டிக்கு ஓட்டிப்போகும் வேலையைச் சந்தியாகு அந்த நாட்களுக்கே வைத்துக்கொள்வார். வெல்லத்தை இறக்கிவிட்டு, கோவில் குளத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு புளியமரத்தடியில் வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு நிற்பார். மதிலுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. தேர் வெளியே வரும்போது தலைப்பாகையைக் கழற்றுவார். சனங்கள் பிரார்த்தனைக்குப் பதில் சொல்லும் ஓசை கேட்டால் அவர் உதடும் அசையும். சத்தம் மட்டும் வராது.

ஆதிலட்சுமி பெரியவளாகி வீட்டு வேலையெல்லாம் பார்க்கும் வயதுக்கு வந்திருந்த ஒரு வருஷம், அப்படி நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"உபதேசியாரே."

திரும்பினார். நரைத்த தலையோடு ஒரு பெண், கையில் மெழுகுவர்த்திக் கட்டு. காசம்மாள். தெருவில் மூன்றாம் வீடு. அக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவார்.

"நான் இல்லம்மா. என் பேரு சாமிநாதன்" என்றார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "சரி, சாமிநாதன். எனக்குக் காலு வலிக்குது. இந்த நெழல்ல கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போறேன்" என்று சொல்லி வேரின்மேல் உட்கார்ந்தாள்.

தேர் குளத்தைச் சுற்றித் திரும்பியது. கொட்டுச் சத்தம் தூரமானதும் சந்தியாகு அவள் எதிரே தரையில் அப்படியே குந்திவிட்டார்.

"அக்கா, சூசை பொண்டாட்டி..."

"அன்னிக்கு மத்தியானமே பூட்டா. ஒன்ன கேட்டுக்கினேதான் இருந்தா. பொய் சொல்ல மாட்டேன்."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். காசம்மாள் நிறுத்தவில்லை.

"நாந்தான் பக்கத்துல இருந்தேன். எனக்கு இன்னா தெரியும்? மந்திரம் பாதிதான் வரும். பாதியில மறந்து பூடும். மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிப்பேன். மறுபடி மறந்து பூடும். அழுகையா வந்துது எனக்கு. அவ என் கையத் தொட்டு, 'வுடுக்கா, அவரு வந்துட்டாரு'ன்னா. நீதான் வந்துட்டன்னு நெனச்சி நான் வாசலப் பாத்தேன். வாசல்ல யாரும் இல்ல."

சந்தியாகு துண்டை விலக்கி நிமிர்ந்தார்.

"அவ ஒன்ன சொல்லல தம்பி" என்றாள் காசம்மாள். "அவ மூஞ்சியப் பாத்தேனே, பயமே இல்ல. அப்புறம் எம் புருசன் போனாரு. அப்புறமும் நெறைய பேரு. எல்லாருக்கும் அந்தப் பாதி மந்திரந்தான். ஒருத்தரும் தனியா போகல. நீ ஓடிட்டா கூடவே சர்வேசுரனும் ஓடிடுவாருன்னு நெனச்சிக்கினியா? நீயா அவர எங்க தெருவுக்கு இட்டுக்கினு வந்த?"

இத்தனை வருஷம் சுமந்ததெல்லாம் அவர் வாயிலிருந்து கொட்டியது. தீ, வெள்ளம், அம்மை எல்லாவற்றையும் சொன்னார். "என்ன ஏங்கா வுட்டு வெச்சிக்கினு கீறாரு? அடிச்சிருந்தா தீந்துதுன்னு இருந்திருப்பேன். அடிக்கவும் மாட்டேன்றாரு. குடுத்துக்கினே இருக்காரு. என்னால தாங்க முடியல."

"எம் மவன் கோவிச்சிக்கினு கடலூருல போய்க் கீறான்" என்றாள் அவள். "என்னை வாயில வந்தபடி பேசிட்டுத்தான் போனான். வரானோ இல்லியோ, அவனுக்கும் சேத்துத்தான் ஒல வெக்கிறேன். வயசான பொம்பள, நானே அப்பிடின்னா..."

முடிக்காமல் எழுந்துகொண்டாள். மெழுகுவர்த்தியைக் கொண்டுபோக நேரமாகிவிட்டது.

"சூசை எப்பிடி இருக்கான்?" என்று கேட்டார் சந்தியாகு.

"அவனப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவன் வேற பொண்ணு கட்டல. அவ்ளோதான்."

மறுநாள் காலை வீட்டுக்கு வந்ததும் வண்டியை அவிழ்க்குமுன்பே அவர் மதலேனிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்படியில் குந்தியபடி கேட்டாள். முடிந்ததும், "நாந்தானே ஒங்கள ஓட வெச்சேன்" என்றாள். "அந்த ஒத்த வார்த்தைய நான் கேக்காம இருந்திருந்தா நீங்க போயிருப்பீங்க. இத்தினி வருசமும் நீங்க என்ன ஏசுவீங்கன்னு பாத்தேன். ஏசவும் இல்ல."

"ஓடின காலு என்னுதுதான் மதலேன்."

வாசலில் ஆதிலட்சுமி தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப நான் யாரு? எம் பேரு இன்னா? எல்லாமே பொய்யா?"

இரண்டு நாள் அவள் அப்பாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் காய்ந்த கரும்புச் சோகையைக் கட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு அம்மை போட்டப்ப நீ வாயத் தெறக்காம ஒக்காந்திருந்தியே, எனக்கு ஞாபகம் இருக்குது. எம் மேல கோவம்னு நெனச்சேன். இன்னா சொல்லணும்னு இருந்த அப்ப?"

சந்தியாகு சொன்னார். பரலோக மந்திரத்தை, முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை, தன் மகளுக்கு. பல இடத்தில் நிறுத்தி நிறுத்தித் தொடர்ந்தார். அவருடைய பழைய குரல் இல்லை அது.

அடுத்த ஞாயிறு மூவரும் வில்லியனூர்க் கோவில் மதிலைத் தாண்டி உள்ளே போனார்கள். பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் வயதான பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் இருந்தார். சந்தியாகு முழந்தாளிட்டுச் சொல்லத் தொடங்கி, வெகுநேரம் சொன்னார்.

"நீர் கொடுத்த வாக்கை நீர் விட்டீர்" என்றார் சாமியார் கடைசியில், சீமைத் தமிழில். "சர்வேசுரன் உம்முடைய ஞானஸ்நானத்தில் கொடுத்த வாக்கை அவர் விடவில்லை. அவருக்கு விடத் தெரியாது."

"எனக்குத் தண்டனை இன்னா சாமி?"

"அந்தத் தெருவுக்குப் போம். அங்கே இரும்."

"அது போதுங்களா சாமி?"

"லேசு என்று நினைக்கிறீரா?" என்று கேட்டுவிட்டு, பாவமன்னிப்பு மந்திரத்தைச் சொல்லிக் கையை உயர்த்தினார்.

பண்ணைக்காரர் முதலில் கோபித்தார். "பேருகூடப் பொய்யாடா?" என்று கத்தினார். பிறகு தன் தாயார் சொல்லி, ஒரு கறவை மாட்டைப் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார். அந்த மாட்டை ஓட்டிக்கொண்டு அவர்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பழைய வீடு இருந்த இடத்தில் குட்டிச்சுவர்தான் நின்றது. சிலர் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். சிலர் வாசலிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். ஒருத்தி தன் பிள்ளைகளைப் புதைத்த பக்கம் கையைக் காட்டி, ஊர் கேட்க அழுதாள். சந்தியாகு தலை குனிந்து நின்று கேட்டுக்கொண்டார். சூசை தன் வீட்டுப் படலை இழுத்துச் சாத்தினான்.

அன்று சாயங்காலம் கோவிலில் செபத்தை அவரையே சொல்லச் சொன்னார்கள் சிலர். "வேணாம்" என்றார். காசம்மாள்தான் முன்னால் நின்று சொன்னாள். ஒரு வரியை முன்னே போட்டாள், ஒரு வரியை விட்டுவிட்டாள். சனங்கள் அப்படியே பழகியிருந்தார்கள். கடைசி வரிசையில் முழந்தாளிட்டிருந்த சந்தியாகு, அவர்கள் சொன்னபடியே, அந்தப் பிழைகளோடேயே சேர்ந்து சொன்னார். பக்கத்தில் ஆதிலட்சுமி அவர் வாயைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அடுத்த ஈஸ்டருக்கு முந்தின நாள் அவளுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. சவரியம்மாள் என்று பேர் வைத்தார்கள். மதலேன் மட்டும் வாய் தவறி லட்சுமி என்றே கூப்பிடுவாள்.

தினமும் காலையில் வயலுக்குப் போகும்போது சந்தியாகு சூசையின் வாசலில் நிற்பார். "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சூசை" என்பார். உள்ளேயிருந்து பதில் வராது. கொஞ்சம் நின்றுவிட்டுப் போவார். நடவு முடிந்தது, களை எடுத்தார்கள், அறுத்தார்கள், மறுபடி நட்டார்கள். பதில் வரவில்லை.

"வுட்டுடுங்களேன்" என்றாள் மதலேன் ஒரு நாள். "அவரு பேச மாட்டாரு."

"பேசலன்னா இன்னா? வாசல் இருக்குதில்ல" என்றார் அவர்.

ஆனால் உள்ளுக்குள் வலித்தது. மூடிய படலுக்கு முன் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம், ஒரு முகம் திரும்பாதா என்று ஏங்கும் ஏக்கம், நாள் முழுக்கக் கூடவே வரும். மண்ணாடிப்பட்டுக் கரும்புக்குள் தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்த வருஷங்களில், தன் வாசலில் யார் இப்படி நின்றுகொண்டிருந்திருப்பார் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அது விளங்கிய நாளில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வேலைக்குப் போகவில்லை.

ஒரு தை மாதம். அறுவடை முடிந்து ஆட்களெல்லாம் களத்துக்குப் போய்விட்டார்கள். மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சந்தியாகு தன் நெற்கட்டைக் களத்தில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வரப்பில் திரும்பி வந்தார். பக்கத்து வயலில் சூசை ஒரு பெரிய நெற்கட்டின் எதிரில் நின்றிருந்தான். வயதாகிவிட்டது அவனுக்கும். குனிந்து கட்டை முழங்கால்வரை தூக்கினான், முடியவில்லை. கீழே விட்டான். சுற்றுமுற்றும் பார்த்தான். வேறு யாரும் இல்லை.

சந்தியாகு நின்றார். தோத்திரம் சொல்ல வாய் வரவில்லை அன்றைக்கு.

சூசை அவரைப் பார்க்காமல், கட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "கொஞ்சம் தூக்கி வுடு."

சந்தியாகு வயலில் இறங்கி ஓடினார். ஒரு பக்கம் அவர் பிடித்தார், ஒரு பக்கம் அவன் பிடித்தான். கட்டு தலைக்கு ஏறியது. சூசை கழுத்தை நிமிர்த்திப் பாரத்தைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் பேசாமல் களத்தைப் பார்த்து நடந்தான். கதிர்கள் அவன் தோளுக்கு மேலே அசைந்தபடி போயின.

சந்தியாகு அறுத்த வயலின் தாளடியில் நின்று, அவன் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.